திண்ணனார் வேட்டைக்கோலம்

கண்ணப்ப நாயனார் புராணத்தைப் படிப்போருட் சிலர், உடுப்பூரின் வளத்தை விரைந்து நோக்கி, நாகனும் தத்தையும் முருகவேளை வழிபட்டு மகப்பெற்ற செய்தியைக் கடந்து, அதன்பின் வரும் வேட்டைப் பாட்டுக்களை ஏடு தள்ளிவிட்டு, திண்ணனார் நாணனோடு திருக்காளத்தி மலையேறும் இடத்திலே வந்து நிற்பர். வினவின் இரண்டு காரணங் கூறுவர். வில்லும் வலையும் நாயும் பற்றிய அவ்விரிவு, காப்பிய மரபு நோக்கி ஆசிரியர் இடையே வைத்த அணியேயன்றி அன்பின் வரலாற்றுக்கு உறுப்பாகாது என்பது ஒன்று. உயிர்க்கொலையை விரித்துரைக்கும் பகுதி புலால் மறுத்த சைவர் செவிக்கு இனிதன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் ஓர் அளவை நோக்குதல் வேண்டும். இப்புராணம் 186 திருவிருத்தங்களால் ஆயது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி கழிந்த பின்னரே திண்ணனார் குடுமித்தேவரைக் காண்கின்றார். பத்துப் பாட்டுக்குள் ஓர் அடியாரின் வரலாற்றை முடித்துவிடும் சொற்சுருக்கமும் சேக்கிழார் பெருமானுக்கு உண்டு. சத்தி நாயனார் புராணம், புகழ்த்துணை நாயனார் புராணம் ஆகியவற்றை நோக்குவார்க்கு இது புலனாம். அத்தகைய ஆசிரியர் ஓர் அடியார் வரலாற்றிற் பாதியை வேட்டைக்கும் அதற்குரிய ஆயத்தங்களுக்கும் ஒதுக்கினாரெனின், அதனை வெறும் அணியென்று தள்ளுதல் ஆசிரியர்க்குச் செய்யும் நீதியன்று. வேட்டை வருணனை சங்கச் செய்யுளிலும் உண்டு. ஆயினும் மரபு இடந்தந்தது என்பதனால் மட்டும் இத்துணை இடங் கொடுப்பவர் அல்லர் அவர்.

காரணந் தேடுவார் புராணத்தின் மூலமாகிய திருத்தொண்டத்தொகைக்குச் செல்லுதல் வேண்டும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஆங்கே கண்ணப்பரைக் கலையால் நிறைந்த சிறப்புடையவர் என்னும் பொருள்பட ஓதினார். இச்சொல் படிப்போரைத் திகைப்பிப்பது. எழுத்தறியாத வேடர் குலத்திற் பிறந்து, பதினாறாண்டில் வேட்டைக்குச் சென்று, ஆகமமும் வேதமும் கேளாமலே ஆறு நாளில் இறைவனை அடைந்தவர்க்கு யாது கலை? அன்பே கலையென்று உபசாரமாகப் பொருள் கூறுவாரும் உளர். அன்பு கலையன்று, கற்றுவருவதும் அன்று. அது இறைவன் திருநோக்கத்தால் ஒரு கணத்தில் விளைந்ததென்று புராணமே கூறுகின்றது. ஆகவே கலையென்றது அவர் உண்மையிற் கற்ற கலையையே குறித்தல் வேண்டும். அவர் கற்றது வேட்டைக்கலை ஒன்றே. தொகையின் அவ்வொரு சொல்லுக்கு விரிவுரையாக அமைந்ததே சேக்கிழாரின் வேட்டைப் பகுதி. விற்பயிற்சி, தடம் அறிதல், தீக்கடைதல், ஊன் பதம் அறிதல், புண்ணுக்கு மருந்தறிதல் ஆகிய அத்தனையும் அதனுள் அடங்கும். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவரும் கல்லாடதேவரும் தனித்தனியே திருக்கண்ணப்பதேவர் திருமறம் பாடியுள்ளனர். அவற்றுட் கல்லாடர் பாடியது மிகச் சுருங்கியது. அவ்விரண்டும் முன்னரே இருக்கவும், கலை பயின்ற முறையைத் தொடக்கத்திலிருந்து வரிசைப்படுத்திக் காட்டும் பொறுப்பைச் சேக்கிழார் மேற்கொண்டார்.

அவ்வரிசை ஊரிலிருந்தே தொடங்குகின்றது. பொத்தப்பி நாடு என்பது இன்றைய ஆந்திர மாநிலத்துக் கடப்பைப் பகுதியைச் சார்ந்தது. அந்நாட்டு உடுப்பூரில், விளாமரக் கிளைகளில் வார்வலைகள் தொங்குகின்றன; வேட்டை நாய்கள் கட்டுண்டு நிற்கின்றன; பாறை முற்றங்களில் மலைநெல் உலர்கின்றது; பன்றி, புலி, கரடி, மான் முதலியவற்றின் பார்வை விலங்குகள் அங்கங்கே நிற்கின்றன. பார்வை என்பது பழக்கி வைத்துக் காட்டு விலங்கைக் கவர்ந்து பிடித்தற்கு நிறுத்தும் விலங்கு. வேடர்க்கு வேட்டைக் கருவி வேறு, வீட்டுப் பொருள் வேறு என்னும் பிரிவில்லை என்பதை ஆசிரியர் ஒரு பாட்டிலே காட்டிவிட்டார். அவ்வூரிற் பிறந்த குழந்தைக்குப் புலிப்பல் அணியும் விளையாட்டு வில்லும் இயல்பாகவே வாய்த்தன.

விற்பயிற்சி தொடங்கிய நாளின் செய்தி இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. புலி நரம்பினாற் செய்த காப்பைத் திண்ணனாரின் முன்கையிற் கட்டினர். வில்லுக்கு விழா எடுத்தனர். மலைவாழ்நர் பல திசையினின்றும் திரண்டனர். கலையில் வல்லவர் ஆசிரியராய் நின்று வில்லைப் பிடிப்பித்தனர். கங்கணங் கட்டலும், குரவன் முன்னிற்றலும், உறவினர் சூழ்தலும், நன்னாள் ஓர்தலும் ஆகிய இவை எத்தகைய சடங்குக்கு உரியன என்பது தீக்கை பெற்ற சைவர்க்குச் சொல்ல வேண்டுவதன்று. வேடர் அதனை அறிந்து செய்திலர். தம் குலமுறை செய்தனர். ஆயினும் குலமுறையே அவ்வடிவிற் செல்லுமாறு ஆசிரியர் அமைத்துள்ளார்.

வேட்டைக்கு ஏது கூறும் இடமும் அவ்வாறே காரணங் கருதியது. மூப்பினால் நாகன் திங்கள்தோறும் நடத்தும் முறை வேட்டையைத் தாழ்த்தான். அதனாற் பன்றியும் கரடியும் பிறவும் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர் திரண்டுவந்து முறையிட்டனர். நாகன் தன் தலைமையைத் திண்ணனார்க்கு அளித்து, உடைத்தோலும் சுரிகையும் ஈந்தான். தேவராட்டி வந்து காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டித் திண்ணனாரை வாழ்த்தினாள். வேட்டை களிப்புக்காக எடுத்ததன்று, விளைவு காத்தற் பொருட்டு எடுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

மறுநாட் காலையில் திண்ணனார் கொண்ட கோலம் சில பாட்டுக்களில் அடிமுடியாக விரிகின்றது. குஞ்சியை நெறித்துக் கட்டி மயிற்பீலியும் பூவும் செறித்தல், கழுத்தில் வெண்கவடி மாலை, மார்பிற் பன்மணி மாலை, அரையிற் புலித்தோலும் அதனோடு சுரிகையும், காலில் வீரக்கழல், அடியில் நெடிய செருப்பு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. இவற்றுள் இறுதியில் வருவது வில். அவ்வில்லை அவர் எடுத்த எடுப்பிலே தோளில் மாட்டவில்லை, வலம் வந்தார், பணிந்தார், பின்னரே தாள் மடித்து நாணேற்றி அதன் ஒலியைக் கேட்டார். இதனைக் கடந்து செல்வோர் இழப்பது பெரிது. இறைவனை இன்னும் காணாதவர், வலம் வருதலையும் பணிதலையும் தம் கருவியிடத்தே கற்றுக்கொண்டுள்ளார். பின்னர் மலைமேல் நிகழ இருப்பதற்கு உடம்பு முன்னரே பழகிவிட்டது.

வலைப்படுத்த செய்தியைச் சேக்கிழார் விரைந்தே நடத்துகின்றார். தடம் பார்ப்போர் முன் சென்று விலங்குகள் கிடக்கும் இடம் அறிந்து வந்தனர், ஓசனைப் பரப்பளவும் திண்ணிய வலைகளைப் பிணித்தனர், நாய்களை அவிழ்த்துவிட்டனர், பறையும் கொம்பும் கையொலியும் காட்டைக் கலக்கின. அவ்விடத்துப் பாட்டுக்களிற் குற்றெழுத்து அடுக்கி ஓடும் நடை, படிப்போரையும் ஓடச் செய்வது. பொருள் ஓட்டமாயின் சொல்லும் ஓட்டமாதல் நன்று. வாசிப்போர் அதனை இழுத்து இசைப்பது பிழை.

அவ்வோட்டத்தின் நடுவே ஒரு பன்றி வலையறுத்து ஓடிற்று. நாணனும் காடனும் உடன்வரத் திண்ணனார் அதனைத் தொடர்ந்தார். ஏனைய வேடரும் நாய்களும் வலைகளும் பின்னே நின்றொழிந்தன. பன்றியை அவர் அம்பால் எய்திலர். கிட்டிச் சுரிகையாற் குத்த அது இரு துண்டாய் வீழ்ந்தது. தந்தை ஈந்த சுரிகைக்கு வேட்டையிற் கூறப்பட்ட சிறப்பான தொழில் இவ்வொன்றே. அவ்வூனே பின்னர்த் திருவமுதாயிற்று.

இனி மலைமேல் நிகழ்ந்ததை வேட்டைக்கோலத்தோடு ஒப்புநோக்குக. பொன்முகலியாற்றின் கரையிற் காடன் தீக்கடைந்து நெருப்பு ஆக்கினான். வேடரின் பசி தீர்க்க வேண்டிய அந்நெருப்பு திருமடைப்பள்ளி அடுப்பாயிற்று. திண்ணனார் ஊனை அம்பினால் அரிந்தார். கோலிற் கோத்துக் காய்ச்சினார். கோல் என்னும் சொல் அம்பையும் குறிக்கும், சிறு தடியையும் குறிக்கும். எதுவாயினும் வேடன் கைப்பொருளே. சருகிலை தைத்த கல்லையிலே நல்லனவற்றை இட்டார். கல்லை என்பது இலைக்கலம். காட்டில் உண்பார்க்கு அதுவே தட்டு. இறைவன் முடிமேல் இருந்த மலரைச் செருப்பணிந்த அடியால் நீக்கினார். வாயிற் கொணர்ந்த நீரைத் திருமஞ்சனமாக உமிழ்ந்தார். அன்று காலையிற் பீலியும் பூவும் செறித்துக் கட்டிய அதே குஞ்சியிலே பள்ளித்தாமம் சுமந்து வந்து சாத்தினார். இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றார். கோலங் கொண்ட காலத்து எண்ணப்பட்ட செருப்பும் குஞ்சியும் வில்லும் அம்பும் இங்கே மீண்டும் எண்ணப்படுகின்றன. முன்னதைக் கேளாதவர்க்குப் பின்னது, ஏதோ அறியாமையால் அகப்பட்டதைக்கொண்டு செய்ததாகத் தோன்றும். கேட்டவர்க்கோ, தம்மிடம் உள்ள சிறந்தவற்றையெல்லாம் ஒன்றும் விடாது கொடுத்தாரென்பது தெற்றென விளங்கும்.

இக்கருத்து சேக்கிழார்க்கு முன்னரும் உண்டு. மணிவாசகப் பெருமான் திருத்தோணோக்கத்திலே செருப்பையும் வாய்நீரையும் ஊனமுதையும் சேர்த்தெண்ணினார். சங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரியிலும், வழிநடந்த செருப்பு கூர்ச்சமாகவும், வாய்நீர் அபிடேகமாகவும், சுவைத்த ஊன் நிவேதனமாகவும் ஆயிற்றென்று ஒரு சுலோகம் வியக்கின்றது. அவ்விரண்டும் வழிபாட்டை மட்டும் கண்டு வியந்தன. அக்கருவிகள் எவ்வாறு அவர் மேல் ஏறின என்பதை உடனிருந்து காட்டியது பெரியபுராணமே.

சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு இதன் பொருள் எளிது. தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு இறைவனாற் கூட்டப்பட்டன. கட்டுற்ற நிலையில் அக்கரணங்கள் பசுகரணமாய் நின்று வினையீட்டுகின்றன. அருள் பதிந்த நிலையில் அவற்றைக் களைந்துவிட்டு வேறு கரணம் பெறுதலில்லை. அவையே சிவகரணமாய் மாறுகின்றன. இம்மாற்றத்தை நூலிற் கற்போர் பலர், கரணம் அழிந்தபின் வீடு என்றே எண்ணி இடர்ப்படுவர். திண்ணனாரிடத்து அது கண்கூடாகக் காணப்படும். அவர் வில்லை எறிந்துவிட்டு மலர்க்கூடை எடுத்திலர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்திலர். திருநோக்கம் பட்டபின் பழைய கருவி பழைய கருவியாகவே நின்று தொழில் மட்டும் மாறிற்று. சிவகோசரியாரோ நீராடி, ஆகம முறைப்படி திருமஞ்சனமும் பூவும் அமைத்து வந்தார். அவர்க்கு அவர் கருவி, அதில் இழுக்கொன்றுமில்லை. இழுக்கு உண்டென்று பேசி ஆகம பூசையைத் தாழ்த்துவோர் புராணத்தைப் பிழைபடக் கற்றவர். இறைவன் கனவிலே திண்ணனாரின் அன்பைச் சிவகோசரியார்க்கு உணர்த்தினாரேயன்றி, அவர் பூசையை விலக்கினாரல்லர்.

இங்கே ஒரு வழுவையும் விலக்குதல் வேண்டும். வேட்டைப் பகுதியை விடாது படிப்போருள்ளும் வேறு சிலர் உளர். அவர் வலையைப் பாசமென்றும், நாயை ஐம்பொறியென்றும், பன்றியை ஆணவமென்றும் உருவகப்படுத்தி மகிழ்வர். கேட்க இனிதாயினும் இது நூலுக்கு ஒவ்வாது. வலை பாசமெனின், வலையறுத்து ஓடிய பன்றி முத்தி பெற்ற உயிராதல் வேண்டும். அதனை ஆணவமென்று குத்தி வீழ்த்துவது எங்ஙனம்? சேக்கிழார் சித்தாந்தக் கருத்தை உவமையாக வைக்க விரும்பின் வெளிப்படையாகவே வைப்பார். திண்ணனார் மலையேறும் இடத்தில், நாணனும் அன்பும் முன்னேற, தத்துவங்களாகிய படிகளை ஏறிச் சிவத்தைச் சார்வார் போல அவர் ஏறினாரென்று அவரே உவமை கூறினார். அங்கே அது பொருந்தும். ஏறுவதற்குப் படி ஏற்ற உவமை. வலைக்கும் நாய்க்கும் அவ்வுவமை வேண்டுமென்று அவர் கருதிலர்.

வேட்டைக் கருவியைச் சாத்திரம் உவமையாகக் கொண்டதும் உண்டு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே, குரு மானிட வடிவில் வருதல் விலங்கைப் பிடித்தற்குப் பார்வை விலங்கை நிறுத்துதல் போன்றதென்றார். உடுப்பூர் முற்றத்திற் கட்டி நின்ற அதே பார்வை. அவ்வுவமையின் நயம் முழுவதும், பார்வை விலங்கு உண்மையில் எவ்வாறு தொழிற்படும் என்பதை அறிந்தாற்குத்தான் விளங்கும். உலகியற் பொருளை உள்ளவாறு அறிந்தே மெய்கண்ட நூலார் உவமை எடுத்தனர். பொருளை விட்டு உவமையை மட்டும் பற்றினாரல்லர். வேட்டைப் பகுதியைத் தள்ளுவோரும், அதனை முழுதும் உருவகமாக்குவோரும், வில்லை வில்லாகக் காண மறுப்பதில் ஒருதன்மையரே.

இனிக் கொல்லாமை பற்றிய தடை. வேடர் தொழிலைச் சேக்கிழார் எங்கும் நல்லறமாகப் புகழ்ந்திலர். நாகனை அறிமுகஞ் செய்யும் இடத்திலேயே, முன்னைத் தவமுடையனாயினும் பிறப்பின் சார்பினாற் குற்றத்தையே குணமாகக் கொண்டு வாழ்ந்தவன் என்று தீர்ப்பளித்துவிட்டார். அத்தீர்ப்பு மகனையும் சூழ்ந்த குலத்தையும் பற்றி நிற்கின்றது. அதனை மறைத்தற்கு அவர் முயலவில்லை. அதேவேளை, வேட்டையின் கடுமைக்கு நடுவிலே வேடரின் வரம்பொன்றையும் கூறினார். யானைக் கன்றை அவர் தொடரார். சிறு குருளைகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தார். எதிர்த்து வரும் கொடியவற்றையே கொல்வர். இது சைவர் கூறும் கொல்லாமை அன்று. அன்று என்பது ஆசிரியர்க்கும் தெரியும். ஆயினும் கொலைத் தொழிலுள்ளும் ஓர் அளவு நின்றதென்பதும், அவ்வளவிலே பயின்ற நெஞ்சிலே இறைவன் தனியே இருக்கின்றானே என்னும் இரக்கம் தோன்றுதற்கு இடமிருந்ததென்பதும் நினைக்கத்தக்கன. குடுமித்தேவரைக் கண்டவுடன் திண்ணனார்க்கு முதலில் எழுந்த கவலை, கொடிய விலங்குகள் திரியும் காட்டில் இவர் துணையின்றி இருக்கின்றாரே என்பது. வேட்டுவனாதலின் விலங்கின் கொடுமையை அவர் அறிவார். அவ்வறிவே அன்பின் முதற்சொல்லாக வெளிப்பட்டது. கீழே வந்தபின் நாணன் காடனிடம் தலைவன் நிலையைக் கூறுங்கால், பொந்தைப் பற்றிய உடும்புபோல் விடமாட்டானாய் நிற்கின்றான் என்கின்றான். இதுவும் வேடன் கண்ட உவமை. வேட்டையறியாப் புலவர்க்கு வாராது.

வேட்டைக்கு அனுப்பியவர்களும் மீண்டும் வருகின்றனர். காடன் சொல்லக் கேட்டு நாகனும் தேவராட்டியும் காளத்திக்கு ஓடிவந்தனர். சுரிகை ஈந்த தந்தையும் வாழ்த்துக் கூறிய தேவராட்டியும் தம்மாலியன்ற எல்லாம் செய்தும் திண்ணனாரை மீட்க முடியாது திரும்பினர். கொடுத்த கருவிகள் அவர்களுடையனவாய் இருந்த காலம் கழிந்துவிட்டது.

ஆறாம் நாளில் இறைவன் வலத்திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்டபொழுது, திண்ணனார் கையிலிருந்த வில்லும் ஊனும் சிதறி வீழ்ந்தன. பின்னர் அவ்வில்லையே எடுத்து, இது செய்தார் வேடரோ விலங்கோ என்று மலைச்சாரல் எங்கும் தேடினார். தடம் பார்க்கும் கலை முழுவதும் அன்று பயன்பட்டது. பகைவன் தடம் எங்கும் இல்லை. அடுத்து வேடரின் மருத்துவத்தை நாடினார். அம்புபட்ட புண்ணை ஆற்றும் பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. கலை இருவழியும் தோற்றபின், தசைக்குத் தசையே மருந்து என்னும் பழையதோர் உரை அவர் நினைவுக்கு வந்தது. அதுவும் அவர் குலத்தில் வழங்கிய அறிவே. மகிழ்ந்திருந்து, ஓர் அம்பை எடுத்துத் தம் கண்ணை இடந்து அப்பினார். மற்றைக் கண்ணும் குருதி சொரியவே, இடம் தெரிதற்பொருட்டு இறைவன் திருக்கண்ணில் இடக்காலை ஊன்றிக்கொண்டு, மீண்டும் அம்பை எடுத்தார். பன்றிக்கு எய்யாத அம்பு. ஊனை அரிந்த அம்பு. விற்பயிற்சி தொடங்கிய நாள் முதல் அவர் கை விடாத கருவி. அதனைத் தம் கண்ணில் ஊன்றிய அளவிலே, காளத்தியார் தம் திருக்கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.